மத்திய கால ஐரோப்பாவில் உழவுச் சீர்திருத்தங்களும் குடிகளின் வாழ்வும்

ஐரோப்பாக் கண்டத்தின் வட பாகத்தில் கி. பி. 700-க்கும் 1300-க்கும் இடைப்பட்ட அறுநூறு வருஷ காலத்தில் விவசாயத் தொழில் மிகுந்த மாறுதலை அடைந்தது. கனத்த இறக்கைக் கலப்பை, மூன்று வயல் பயிர்ச் சுழற்சி, குதிரைக்குரிய புதிய கழுத்துப் பட்டை, தண்ணீராலும் காற்றாலும் ஓடும் மாவாலை ஆகிய நான்கும் அக்காலத்தில் பரவின. இவற்றின் துணையால் காடும் சதுப்பும் கழனிகளாயின, ஜனத்தொகை பெருகிற்று, சந்தைகளும் பட்டணங்களும் தோன்றின. ஆயினும் இதே சீர்திருத்தங்கள் சிலவிடங்களில் குடிகளுக்குப் புதிய பாரமாகவும் முடிந்தன. ஒரே கருவி ஓரிடத்தில் நன்மையையும் மற்றோரிடத்தில் வழக்கையும் விளைத்தது எக்காரணத்தால் என்பதை ஆராய்வது நிலமுடையவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் பெரிதும் பயன் தரும்.

1. மண்ணும் பழைய கலப்பையும்

மத்தியதரைக் கடலைச் சார்ந்த இத்தாலி, கிரீஸ் முதலிய தேசங்களில் கோடைக்காலம் மழையின்றி வறண்டிருக்கும். மண்ணும் பெரும்பாலும் இலேசானது. அங்கே வழங்கிய கலப்பை நம் நாட்டு மரக்கலப்பையை ஒத்தது. கொழு மண்ணைக் கீறிச் செல்லுமேயன்றிப் புரட்டாது. நிலத்தின் ஈரம் வெளியேறாமல் இருக்க வேண்டிய இடத்தில் இவ்வுழவே தக்கது. ஒரு முறை நீளவாட்டிலும் மறு முறை குறுக்குவாட்டிலும் உழவேண்டியிருந்தமையால் வயல்கள் பெரும்பாலும் சதுரமாக இருந்தன.

ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கிலோ நிலைமை வேறு. அங்கே வருஷ முழுவதும் மழையுண்டு. பள்ளத்தாக்குகளில் கனத்த களிமண் நிறைந்திருந்தது. அம்மண் வளமிக்கதாயினும் நாட்டுக் கலப்பைக்கு இணங்காது. தண்ணீர் வடியாமல் தேங்கும். களைகள் வேரோடு மடியாமல் மீண்டும் தழைக்கும். ஆகையால் பூர்வத்தில் மக்கள் மேட்டு நிலங்களிலுள்ள இலேசான மண்ணையே உழுது, வளமான தாழ்நிலங்களைக் காடாக விட்டிருந்தனர்.

2. கனத்த கலப்பை

இக்குறையை நீக்கியது கனத்த கலப்பை. இதற்கு முக்கியமான உறுப்புக்கள் மூன்று. முதலாவது, ஏர்க்காலிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் இரும்புக் கத்தி. இது புல்வேர் பின்னிய மண்ணைச் செங்குத்தாக அறுக்கும். இரண்டாவது, அகன்ற இரும்புக் கொழு. இது மண்ணை அடியில் கிடையாக அறுக்கும். மூன்றாவது, இறக்கை எனப்படும் பலகை. அறுபட்ட மண்ணைத் தூக்கி ஒரு பக்கமாகப் புரட்டுவது இதன் வேலை. பலவிடங்களில் ஏர்க்காலின் முன்புறத்தில் சக்கரங்களும் அமைக்கப்பட்டன. கி. பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய ஆசிரியர் பிளினி, ஆல்ப்ஸ் பிராந்தியத்தில் சக்கரம் பூட்டிய கலப்பை வழங்கியதைக் குறித்திருக்கிறார். ஆகவே இது ஒரே நாளில் ஒருவர் கண்டுபிடித்ததன்று. பல தலைமுறைகளில் உறுப்பு உறுப்பாகச் சேர்ந்து, பின்பு மெதுவாகப் பரவியது.

இறக்கையினால் விளைந்த நன்மைகள் பல. புல்லும் களையும் மண்ணுக்கடியிற் புதைந்து மக்கி எருவாயின. மண் ஒரே பக்கமாகப் புரள்வதால், ஒரு பாத்தியை நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி உழும்போது நடுப்பாகம் மேடாயிற்று. இரு பாத்திகளுக்கு இடையிலுள்ள பள்ளம் வடிகாலாகப் பயன்பட்டது. மழை மிகுந்த வருஷத்தில் மேட்டுப் பயிரும், மழை குறைந்த வருஷத்தில் பள்ளத்துப் பயிரும் பிழைத்தன. குறுக்குழவு தேவையில்லாமையால் ஆள் வேலையும் மிச்சமாயிற்று.

1962-ஆம் வருஷத்தில் லின் வைட் என்னும் அமெரிக்க சரித்திராசிரியர், வட ஐரோப்பாவின் செல்வப் பெருக்கத்திற்கு இக்கலப்பையே மூலகாரணமென்று ஒரு நூலில் வாதித்தார். பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் அதை முழுதும் ஒப்பவில்லை. கலப்பை வந்ததனால் ஜனங்கள் பெருகினரா, ஜனங்கள் பெருகி நிலம் வேண்டியதனால் கலப்பை பரவியதா என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. இரண்டும் ஒன்றையொன்று தூண்டின என்று கொள்வதே பொருத்தம்.

3. எட்டு மாடுகளும் நீண்ட பாத்திகளும்

கனத்த கலப்பையை இழுக்க ஒரு ஜோடி மாடு போதாது. இங்கிலாந்தில் எட்டு மாடுகள் சேர்ந்ததே ஒரு முழு ஏர் என்பது கணக்கு. 1086-ஆம் வருஷத்தில் அந்நாட்டரசர் முதலாம் வில்லியம் தயாரிப்பித்த நிலக்கணக்கில், ஒவ்வொரு கிராமத்திலும் எத்தனை ஏர்கள் உள்ளன என்பது தவறாமல் எழுதப்பட்டிருக்கிறது. ஓர் ஏரால் ஒரு வருஷத்தில் உழத்தக்க நிலம் ஏறக்குறைய 120 ஏக்கர் என்றும், அதில் எட்டிலொரு பாகமாகிய 15 ஏக்கர் ஒரு மாட்டுக்குரிய பங்கு என்றும் பலவிடங்களில் கொண்டனர்.

சாதாரணக் குடியானவனிடத்தில் எட்டு மாடுகள் இருப்பது அரிது. ஒருவன் இரண்டும், மற்றொருவன் ஒன்றும், வேறொருவன் கலப்பையுமாகச் சேர்த்துக் கூட்டேர் பூட்டினர். மாடு ஒருவருடையது, இரும்பு மற்றொருவருடையது என்றால், எவருடைய நிலத்தை முதலில் உழுவது, மாடு நொண்டினால் நஷ்டம் எவருக்கு என்னும் வினாக்கள் எழுமன்றோ? ஆகையால் கூட்டேர் நடந்தவிடங்களில் ஏற்பாடுகளும் அவசியமாயின. பல மாடுகள் பூட்டிய ஏரைத் திருப்புவதும் எளிதன்று. அடிக்கடி திருப்ப நேராதபடி பாத்திகளை நீளமாக அமைத்துக் கொண்டனர்.

நம் கிராமக் கணக்குகளில் வழங்கும் ஏக்கர் என்னும் அளவு இவ்வுழவிலிருந்தே பிறந்தது. ஏக்கரின் பழைய வடிவம் 220 கஜ நீளமும் 22 கஜ அகலமுமுள்ள ஒரு பட்டை. பரப்பு 4,840 சதுர கஜம். ஒரு நாளில் ஓர் ஏரால் உழத்தக்க நிலம் இது என்று கருதினர். 220 கஜமாகிய பர்லாங் என்னும் சொல்லுக்கு உழவு சாலின் நீளம் என்பதே பொருள். அகலமாகிய 22 கஜமே நிலமளக்கும் சங்கிலியின் நீளமாயிற்று. ஆங்கிலேயர் இந்நாட்டில் நிலத்தைச் சர்வே செய்தபோது இவ்வளவு இங்கேயும் வந்து நிலைத்தது. இவ்விதமாக, தஞ்சாவூரிலோ கோயமுத்தூரிலோ அளக்கப்படும் ஒவ்வொரு ஏக்கரிலும் அந்நாட்டு எருதுகளின் அடிச்சுவடு இருக்கிறது.

4. மூன்று வயல் முறை

முற்காலத்தில் கிராமத்து நிலத்தை இரு பாகமாக்கி, ஒன்றில் பயிரிட்டு மற்றொன்றைத் தரிசாக விட்டு வந்தனர். தரிசு நிலம் களை நீங்குவதற்காக இரு முறை உழப்பட்டது. எட்டாம் நூற்றாண்டு முதல் புதியதொரு முறை தலைகாட்டிற்று. நிலத்தை மூன்று பாகமாக்கி, முதற்பாகத்தில் இலையுதிர் காலத்தில் கோதுமை அல்லது ரை விதைப்பார்கள். இரண்டாம் பாகத்தில் வசந்த காலத்தில் ஓட்ஸ், வாற்கோதுமை, பட்டாணி, மொச்சை முதலியவற்றை விதைப்பார்கள். மூன்றாம் பாகம் தரிசாகக் கிடக்கும். அடுத்த வருஷம் பாகங்கள் மாறும்.

இதன் இலாபத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 180 ஏக்கருள்ள ஒரு பண்ணையை எடுத்துக் கொள்வோம். இரு வயல் முறையில் பயிராவது 90 ஏக்கர். அதற்கு ஓர் உழவும், தரிசு 90 ஏக்கருக்கு இரண்டு உழவுமாக மொத்தம் 270 ஏக்கர் உழவு வேண்டும். மூன்று வயல் முறையில் பயிராவது 120 ஏக்கர். அதற்கு ஓர் உழவும், தரிசு 60 ஏக்கருக்கு இரண்டு உழவுமாக மொத்தம் 240 ஏக்கர் உழவு போதும். பயிர் நிலம் 30 ஏக்கர் கூடுகிறது. உழவோ 30 ஏக்கர் குறைகிறது. மிச்சப்பட்ட உழவைக் கொண்டு புது நிலம் திருத்தலாம்.

வேறு நன்மைகளும் உண்டு. வருஷத்தில் இரு பருவங்களில் விதைப்பு நடப்பதால், ஒரு பருவம் பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுத்தது. பட்டாணியும் மொச்சையும் மண்ணில் தழைச்சத்தைச் சேர்த்ததோடு, தானியத்தையே நம்பியிருந்த ஏழைகளின் உணவில் புரதத்தையும் சேர்த்தன. வேர் முடிச்சுக்களிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைக் கிரகிக்கும் இரகசியம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் விளங்கிற்று. எனினும் பயறு வகைகளுக்குப் பின் கோதுமை செழிப்பதைக் குடியானவர்கள் அநுபவத்தால் அறிந்திருந்தனர். வசந்தப் பயிர் கோடை மழையை எதிர்பார்ப்பதாகையால் இம்முறை மத்தியதரைக் கடற்பகுதியில் வேரூன்றவில்லை.

இம்முறையின் சமூகப் பலன் பெரிது. ஒவ்வொரு குடிக்கும் மூன்று பெருவயல்களிலும் சிதறிய பாத்திகள் இருந்தன. வேலியில்லாத அவ்வயலில் ஒருவன் மட்டும் தன் இஷ்டப்படி பயிரிட இயலாது. அண்டை நிலம் தரிசாகி மாடு மேயும்போது நடுவிலுள்ள பாத்தியில் பயிர் நிற்குமாயின் அழிவுதான் முடிவு. ஆகவே விதைப்பு, அறுப்பு, மேய்ச்சல் மூன்றுக்கும் நாள் குறிப்பது ஊரின் பொதுக் காரியமாயிற்று. பண்ணை நியாயசபையில் குடிகள் கூடி விதிகள் ஏற்படுத்தினர். 13-ஆம் நூற்றாண்டு முதல் எழுதப்பட்ட அவ்விதிகளுள் சில வருமாறு: இரவில் கதிர்க்கட்டை வண்டியில் ஏற்றலாகாது, கடைசிக் கட்டு வயலைவிட்டு நீங்குமுன் தாளில் மாடு விடலாகாது, கூலிக்கு அறுக்கத் திறனுள்ளவர் உதிர்ந்த கதிர் பொறுக்கலாகாது. கடைசி விதி இரு நோக்கமுடையது. அறுவடைக்கு ஆள் கிடைக்கச் செய்வதோடு, முதியோர்க்கும் நலிந்தோர்க்கும் உதிர்கதிரைக் காத்துக் கொடுத்தது.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் மாகாணத்து லாக்ஸ்டன் என்னும் கிராமத்தில் இம்முறை இன்றும் ஒருவாறு நடைபெறுகிறது. 1635-ஆம் வருஷத்தில் வரைந்த நிலப்படத்திற் காணும் பெருவயல்களிற் பெரும் பகுதி சுருங்கிவிட்ட போதிலும், மூன்று வயல்களும் ஊர்ச் சபையும் நிலைத்திருக்கின்றன. ஆண்டுதோறும் குளிர்காலத் தொடக்கத்தில் ஊர்ப் பஞ்சாயத்தார் விதைத்த வயலைச் சுற்றிப் பார்த்து, பொதுப் பாதையையும் புல்வரம்பையும் உழுதவருக்கு அபராதம் விதிக்கின்றனர். 2020-ஆம் வருஷத்தில் அக்கிராம நிலம் அரசுடைமையிலிருந்து தனிப்பண்ணை ஒன்றுக்கு விற்கப்பட்டது. அதன் பின்னும் வயல் முறை தொடர்கிறது.

5. குதிரை உழவு

குதிரை மாட்டைவிட விரைந்து நடக்கும். ஆனால் கழுத்தையும் மார்பையும் இறுக்கும் வாரினால் பூட்டப்பட்டால், கனத்த பாரத்தை இழுக்கையில் அதற்கு மூச்சுத் திணறும். திண்டு வைத்த கழுத்துப் பட்டை இப்பாரத்தைத் தோளின்மேல் ஏற்றியது. சீனத்தில் முன்னரே வழங்கிய இவ்வகைப் பட்டை ஐரோப்பாவில் 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் தோன்றியது. குளம்புக்கு ஆணியடித்த லாடமும் அதனையொட்டிப் பரவியது. 1931-ஆம் வருஷத்தில் லெஃபெவ்ர் தெ நோயெத் என்னும் பிரெஞ்சுக் குதிரைப்படை அதிகாரி, பழைய வாரினால் குதிரை அரைகுறை பலத்தோடுதான் இழுத்தது என்று சோதனைகளைக் காட்டி எழுதினார். அவர் சோதித்த வார் பண்டையோர் பூட்டியதைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று பிற்காலத்தார் திருத்தினர். எனினும் கனத்த பாரத்துக்குத் திண்டுப் பட்டையே சிறந்தது என்பதில் ஐயமில்லை.

குதிரையா மாடா என்னும் வாதம் அன்றும் இருந்தது. பண்ணை நிர்வாகத்தில் பழகிப் பின்னர் சந்நியாசியான ஹென்லி வால்ட்டர் என்பவர் 1280-ஐ ஒட்டி எழுதிய விவசாய நூலில் இதை அலசியிருக்கிறார். அவர் கருத்தின் சாரம் வருமாறு: குதிரைக்கு நாள்தோறும் ஓட்ஸ் கொடுக்க வேண்டும், லாடச் செலவும் உண்டு. மாடு வைக்கோலிலும் புல்லிலும் காலங்கழிக்கும். மாடு கிழடானால் கொழுக்க வைத்து இறைச்சிக்கு விற்கலாம். குதிரை கிழடானால் தோலொன்றே மிஞ்சும். குதிரை விரைவாக நடக்குமே எனின், பண்ணை உழவர்கள் குதிரை ஏரையும் மாட்டேரின் வேகத்துக்கு மேல் ஓட்டமாட்டார்கள் என்கிறார்.

கடைசிச் சொல் கவனிக்கத்தக்கது. அதை அவர் உழவர்களின் பொல்லாத்தனம் என்று குறைகூறுகிறார். ஆயினும் வேகமாக உழுதால் நன்மை பண்ணைக்கு. உழுபவனுக்குக் கிடைப்பது கூடுதல் வேலையே. இலாபத்தில் பங்கில்லாதவன் வேகங் காட்டாததில் வியப்பில்லை.

இதன் மறுபக்கத்தையும் பிற்கால ஆராய்ச்சி வெளிப்படுத்தியது. இங்கிலாந்தில் பெரும் பண்ணைகளைக் காட்டிலும் சிறு குடியானவர்களே குதிரையை ஆவலோடு ஏற்றனர். பண்ணையாருக்கு உழவுக்கென மாடும் வண்டிக்கெனக் குதிரையும் தனித்தனியே வைக்கச் சக்தியுண்டு. ஒரு பிராணியே வைக்கக்கூடிய சிறு குடிக்கு, உழவும் பலுகும் வண்டியும் சவாரியும் ஒருங்கே செய்யும் குதிரையே ஏற்றது. விலை மலிந்த கிழக்குதிரையும் அவனுக்குப் போதும். குதிரை வண்டியினால் தூரத்துச் சந்தைக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப இயன்றது. தானியத்திற்கு நல்ல விலை கிடைத்தது. குத்தகையையும் கட்டாய வேலைக்குரிய கிரயத்தையும் பணமாகச் செலுத்த இது வழிசெய்தது. கலப்பைக் கத்தி, கொழு, லாடம் மூன்றுக்கும் இரும்பு வேண்டியிருந்தமையால், ஊர்க் கொல்லனும் இன்றியமையாதவனானான்.

6. மாவாலையும் வழக்கும்

தானியத்தைக் கைத்திரிகையில் அரைப்பது பெண்களுக்கும் வேலையாட்களுக்கும் நாள்தோறும் சில மணி நேரத்தை விழுங்கும் கடின வேலை. ஆற்று நீரால் சுழலும் ஆலை அவ்வேலையைத் தன்மேல் ஏற்றுக் கொண்டது. மேற்கூறிய 1086-ஆம் வருஷத்துக் கணக்கின்படி இங்கிலாந்தில் ஏறக்குறைய 6,000 ஆலைகள் இருந்தன. அணை கட்டத் தகுந்த ஆறில்லாத சமவெளிக்குக் காற்றாலை வந்தது. யார்க்ஷையரில் 1185-ஆம் வருஷத்தில் ஒரு காற்றாலைக்குக் குத்தகை குறிக்கப்பட்டிருக்கிறது.

நற்கருவி குடிகளுக்குப் பாரமானது இங்கேதான். ஆலை கட்டுவதற்கு முதல் அதிகம் வேண்டும். ஆற்றுரிமையும் பிரபுவினுடையது. ஆகையால் பெரும்பாலும் பிரபுக்களும் மடாதிபதிகளுமே ஆலை கட்டினர். போட்ட முதல் திரும்பும் பொருட்டு, தம் கட்டுக்குடிகள் தம் ஆலையிலேயே அரைக்க வேண்டுமென்று விதித்து, அரைத்த தானியத்தில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்றனர். வீட்டில் திரிகை வைப்பது சிலவிடங்களில் குற்றமாயிற்று.

இங்கிலாந்தில் செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தைச் சார்ந்த ஊரில் 1191-ஆம் வருஷத்தில் ஹெர்பர்ட் என்னும் பாதிரியார் தம் நிலத்தில் ஒரு காற்றாலை நிறுவினார். காற்று எவருக்கும் பொதுவன்றோ, என் தானியத்தையே அரைத்துக் கொள்வேன் என்பது அவர் வாதம். மற்றவர்களும் அங்கே அரைப்பார்கள், மடத்து ஆலையின் வரும்படி குறையும் என்று கண்ட மடாதிபதி சாம்சன் மிகுந்த கோபங்கொண்டு, ஆலையைப் பிரித்தெறிய உத்தரவிட்டார். மடத்துத் தச்சர்கள் வருமுன்னரே ஹெர்பர்ட் தாமாகவே அதைப் பிரித்துவிட்டார்.

செயின்ட் ஆல்பன்ஸ் மடத்து வழக்கு இதனினும் நீண்டது. 1331-ஆம் வருஷத்தில் மடாதிபதி வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட் ஊரார் வீடுகளிலிருந்த கைத்திரிகைகளைப் பறிமுதல் செய்து, அக்கற்களை மடத்துக் கூடத்தில் தளமாகப் பரப்பினார். இவர் ஒரு கொல்லனின் மகன். கிரகங்களின் கதியைக் காட்டும் அதிசயமான பற்சக்கரக் கடிகாரத்தை அமைத்தவர். யந்திர நுட்பத்தை அவரைப்போல் அறிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. ஐம்பது வருஷங்கள் சென்றன. 1381-ஆம் வருஷத்தில் இங்கிலாந்துக் குடிகள் கிளர்ந்தெழுந்தபோது, செயின்ட் ஆல்பன்ஸ் ஊரார் வில்லியம் கிரிண்ட்காப் என்பவர் தலைமையில் மடத்தினுள் புகுந்து, அத்தளத்தைப் பெயர்த்துக் கற்களை உடைத்துத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக் கொண்டனர். கிளர்ச்சி அடங்கியதும் கிரிண்ட்காப் தூக்கிலிடப்பட்டார்.

ஊரார் ஆலையை வெறுத்தவரல்லர். வீட்டிலுள்ள கல்லைப் பிடுங்கிக்கொண்டு, இதில்தான் அரைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதே அவர்கள் மனத்தில் அரை நூற்றாண்டு ஆறாத புண்ணாக இருந்தது.

7. புது நிலமும் புதிய உரிமையும்

கட்டாயத்துக்கு எதிரான உதாரணங்களும் அக்காலத்தில் உண்டு. காடு திருத்தவும் சதுப்பை வற்றச் செய்யவும் ஆள் வேண்டிய பிரபுக்கள், புதுக்குடிகளை இழுப்பதற்குச் சலுகைகள் அளித்தனர். பிரெஞ்சு அரசர் ஏழாம் லூயி 1155-ஆம் வருஷத்தில் லோரிஸ் என்னும் ஊருக்கு அளித்த சாசனம் இதற்குப் பெயர்பெற்றது. அங்கே வீட்டுக்கும் ஏக்கருக்கும் இன்ன வரியென்று நிர்ணயிக்கப்பட்டது. ஒரு வருஷமும் ஒரு நாளும் அவ்வூரில் வாழ்ந்தவரை முந்திய எஜமானன் திரும்பக் கேட்க முடியாது. பல புதிய ஊர்கள் இச்சாசனத்தை மாதிரியாகக் கொண்டன. எல்ப் நதிக்குக் கிழக்கேயுள்ள நாடுகளில் சதுப்பு நிலங்களை வடித்தெடுக்க ஹாலந்திலிருந்தும் பிளாண்டர்ஸிலிருந்தும் குடிகள் அழைக்கப்பட்டனர். முதற்சில வருஷங்கள் குத்தகையில்லாமலும், பின்னர் நிலையான குத்தகையிலும், பிள்ளைகளுக்குச் சேரும் உரிமையோடும் அவர்கள் நிலம் பெற்றனர்.

திருத்தியவனுக்கே நிலம் நிலைக்கும் என்ற நம்பிக்கை உண்டானவிடத்தில், கனத்த கலப்பை காட்டை வெகு விரைவில் கழனியாக்கிற்று.

8. எருவின் குறையும் பஞ்சமும்

இங்கிலாந்தின் ஜனத்தொகை 1086-ல் ஏறக்குறைய 20 லட்சம். 1300-ல் 40 முதல் 50 லட்சம் வரையில் ஆயிற்று. நிலம் பங்காகிப் பங்காகிச் சுருங்கியது. 1279-ஆம் வருஷத்து நிலக்கணக்கைப் பார்த்தால், ஐந்து ஏக்கருக்கும் குறைந்த நிலமுடைய குடும்பங்கள் ஏராளமாகக் காணப்படுகின்றன. பயிர் நிலம் வேண்டி மேய்ச்சல் நிலத்தையும் உழுதுவிட்டனர். மேய்ச்சல் குறைந்தது, கால்நடை குறைந்தது, எரு குறைந்தது. வின்செஸ்டர் அத்தியட்சர் பண்ணைகளின் கணக்குகள் 1208-ஆம் வருஷம் முதல் கிடைக்கின்றன. அவற்றின்படி கோதுமை விளைவு விதைத்ததற்கு ஏறக்குறைய நான்கு மடங்கே. அதில் ஒரு மடங்கை மறு விதைப்புக்கு நிறுத்தவேண்டும். மூன்று மடங்கு விளைந்தால் விலை உயர்ந்தாலொழிய இலாபமில்லை என்று ஹென்லி வால்ட்டரும் கணக்கிட்டிருக்கிறார்.

எருவின் அருமையை ஆட்டுக்கிடை வழக்கம் நன்கு காட்டும். கிழக்கு இங்கிலாந்தில் பலவிடங்களில் குடிகளின் ஆடுகளை இரவில் பிரபுவின் கிடையிலேயே அடைக்க வேண்டும். ஆடு குடியினுடையது; புழுக்கையோ பிரபுவின் வயலுக்கு. புதிய பயிர் முறையின் நன்மை முழுதும் கிடைக்க எரு இன்றியமையாதது. அந்த எருவோ குடியின் நிலத்தைவிட்டு அகன்றது.

இத்தகைய நிலையில் 1315-ஆம் வருஷத்தில் இடைவிடாத மழை பெய்து பயிர் அழுகிற்று. அடுத்த வருஷமும் அவ்வாறே. 1317 வரையில் வட ஐரோப்பா முழுதும் கொடும் பஞ்சம் நிலவியது. விதைத் தானியத்தையும் உண்ண நேர்ந்தது. 1319 முதல் 1321 வரையில் மாட்டு நோய் பரவி, இங்கிலாந்தில் பாதிக்கு மேற்பட்ட மாடுகளை மாய்த்தது. எட்டு மாட்டு ஏர்கள் எத்தனையோ நின்றுபோயின. 1348-ல் கொள்ளை நோய் வந்து ஜனங்களில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் வாரிச் சென்றது. உழைப்பாளிகள் அரியவரானதால் கூலி உயர்ந்தது. 1351-ஆம் வருஷத்தில் சட்டமியற்றிக் கூலியைப் பழைய அளவில் நிறுத்த முயன்றனர், அம்முயற்சி நிலைக்கவில்லை. வெட்டி ஊழியமும் கட்டுக்குடி முறையும் அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் தேய்ந்து மறைந்தன.

நிலைமைக்குத் தப்பிய பகுதிகளும் உண்டு. பிளாண்டர்ஸ் நாட்டிலும் இங்கிலாந்தின் நார்போக் மாகாணத்துக் கிழக்குப் பகுதியிலும் குடியானவர்கள் தரிசையே பெரும்பாலும் நீக்கிவிட்டனர். தரிசிருந்த இடத்தில் பட்டாணியும் தீவனப் பயிரும் வைத்தனர். கால்நடையைக் கட்டித் தீனிபோட்டுச் சாணத்தை வீணாக்காமல் சேர்த்தனர். பட்டணத்துக் குப்பையையும் வயலுக்குக் கொணர்ந்தனர். அடிக்கடி களை எடுத்தனர். அங்கே புதிய கருவி ஒன்றும் பெரிதாக இல்லை. எருவும் ஆள் உழைப்பும் அருகிலுள்ள சந்தையுமே விளைவைப் பெருக்கின.

9. சாராம்சம்

மேற்கண்ட சரித்திரத்திலிருந்து கொள்ளத்தக்கவை பின்வருவன:

(1) கருவி மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றதாயிருக்க வேண்டும். வடக்கே செல்வம் தந்த இறக்கைக் கலப்பை தெற்கிலுள்ள வறண்ட மண்ணில் பயன்படவில்லை. ஈரங் காக்க வேண்டிய புன்செய்யில் மண்ணைப் புரட்டுமுன் பருவத்தை எண்ணிப் பார்த்தல் நலம்.

(2) தனியொருவனால் வாங்க இயலாத கருவியைக் கூட்டாக வைத்துக் கொள்ளலாம். ஆனால் முறையும் பங்கும் நஷ்டமும் முன்கூட்டியே பேசி எழுதப்பட வேண்டும்.

(3) தானியத்திற்குப் பின் பயறு வகை என்னும் சுழற்சி நிலத்துக்கும் உணவுக்கும் ஒருங்கே நன்மை செய்யும்.

(4) பயிர் நிலத்தைப் பெருக்கும்போது மேய்ச்சலையும் எருவையும் கணக்கில் வைக்காவிடில், முதலில் கண்ட இலாபம் பின்னர் நஷ்டமாகும்.

(5) புது விதையோ புது முறையோ வந்தால் கண்ணாற் கண்டே நம்பலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்திகளை உழுது, ஒன்றில் சொந்த விதையையும் மற்றொன்றில் வெளியூர் விதையையும் விதைத்து அறுவடையில் ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஹென்லி வால்ட்டர் எழுநூறு வருஷங்களுக்கு முன்னரே கூறியுள்ளார். அதற்கு இரண்டு பாத்திகளும் ஒரு பருவமுமே செலவு.

(6) சீர்திருத்தத்தின் இலாபத்தில் உழைப்பவனுக்குப் பங்கிருந்தால் அது தானே பரவும். லோரிஸ் சாசனத்தைக் கேட்டுக் குடிகள் ஊர்விட்டு ஊர் வந்தனர். செயின்ட் ஆல்பன்ஸ் கற்களை ஐம்பது வருஷம் மறவாதிருந்தனர். கிராமத்தில் பொதுக் கருவியோ பொது ஆலையோ ஏற்படுத்துவோர், அதன் கூலி எவ்வளவு, அதை நிர்ணயிப்பவர் யாவர், மறுப்பவருக்கு வேறு வழியுண்டா என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஊரார் முன்னிலையில் விடை கூறிவிட்டே வேலையைத் தொடங்குவது உத்தமம்.